நுகத்தில் இறங்கும் எடை

1947-இல் அமெரிக்காவில் எடுத்த ஒரு விளம்பரப் படம். பிரெஞ்சு சைக்கிள் பந்தய வீரர் ஆல்ஃப்ரெட் லெதூர்னர் குனிந்து பெடலை மிதிக்கிறார். சைக்கிளுக்குப் பின்னால் பளபளவென்று ஓர் அலுமினிய வீடு. ஏர்ஸ்ட்ரீம் கம்பெனியை நடத்திய வாலி பையம், தன் டிரெய்லர் எவ்வளவு லேசாக உருளும் என்று நாட்டுக்குக் காட்டுவதற்காக எடுக்கச் செய்த படம் அது.

படத்தில் பொய் இல்லை. சமதளத்தில் நல்ல சக்கரம் வைத்த எதையும் மெல்ல உருட்டிவிடலாம். தேரை நகர்த்துவதைவிட நிறுத்துவதுதான் பெரிய வேலை என்பது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்குத் தெரியும். டிரெய்லர் வீட்டை இழுக்க எந்த வண்டியை வாங்குவது என்று அமெரிக்கர்கள் நூறாண்டுகளாகக் கணக்குப் போட்டுவருகிறார்கள். மேட்டில் ஏறுமா, பள்ளத்தில் நிற்குமா, எல்லாவற்றுக்கும் மேலாகக் கொக்கியில் இறங்கும் எடையைத் தாங்குமா என்பதே அந்தக் கணக்கு. அதற்கு இன்று பெரும்பாலும் கிடைக்கும் விடை பிக்கப் டிரக். ஆனால் அந்த விடை தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை. டிரெய்லர் பிறந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அதை இழுத்தது கார்தான்.

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகருக்காக நிற்கும் குளிர்சாதன வண்டிதான் நினைவுக்கு வரும். அமெரிக்க டிரெய்லர் வேறு வகை. அதற்கு எஞ்சின் கிடையாது. முன்னால் ஒரு இழுவை வண்டி பூட்டினால்தான் நகரும், மாட்டுவண்டியைப் போல.

1919-இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரத்துப் பூங்கா ஒன்றில் கூடிய சுற்றுலாக்காரர்கள் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். காரின் ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்துக்கொள்வது உறுப்பினரின் அடையாளம். அவர்கள் வந்தது பெரும்பாலும் ஃபோர்டு மாடல் டி கார்களில். கூடாரத்தையும் சட்டிபானையையும் காரிலேயே கட்டிக்கொண்டு வந்தார்கள். சிலர் பின்னால் சிறு வண்டியொன்றைக் கோத்து இழுத்தார்கள். அந்த எஞ்சினின் திறன் 20 குதிரைசக்தி. அதற்கு மேல் ஆசைப்பட இடமில்லை.

பிக்கப் டிரக்கும் அந்தக் காலத்துப் பிள்ளைதான், ஆனால் வளர்ந்த வீடு வேறு. 1925 ஏப்ரலில் ஃபோர்டு கம்பெனி மாடல் டி காரின் பின்பகுதியில் இரும்புத் தொட்டியும் திறந்து மூடும் பின்கதவும் வைத்து 281 டாலருக்கு விற்றது. விவசாயிகள் அதுவரை தாங்களே காரின் பின்பக்கத்தை அறுத்துப் பலகைப் பெட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையைத் தொழிற்சாலை ஏற்றுக்கொண்டது. தீவன மூட்டை, பால் கேன், வேலிக்கம்பி ஆகியவற்றுக்கான வண்டி அது. குடும்பத்தோடு விடுமுறைக்குப் போகிறவர் அதில் ஏறுவதை யோசிக்கக்கூட மாட்டார்.

டிரெய்லரைக் கட்டியவர்களோ பறக்கும் பொருள்களில் ஊறியவர்கள். விமானத் தொழிலின் முன்னோடிகளில் ஒருவரான க்ளென் கர்ட்டிஸ் 1920களின் பிற்பகுதியில் ‘ஏரோகார்’ என்ற டிரெய்லரை விற்றார். அதன் சட்டம் விமானச் சட்டம்போலக் கம்பிகளால் இழுத்துக் கட்டப்பட்டது. காரின் பின்பக்கத்தில் ஒரு விமான டயரைப் படுக்கவைத்து, அதன் நடுவில் டிரெய்லரின் மூக்கைப் பொருத்தினார். சாலையின் குலுக்கலை அந்தக் காற்றடைத்த டயர் வாங்கிக்கொண்டது. எடை பம்பருக்குப் பின்னால் தொங்காமல் பின்னச்சுக்குப் பக்கத்திலேயே இறங்கியது. இன்று பிக்கப்பின் தொட்டிக்குள் கொக்கி வைத்து இழுக்கிற பெரிய டிரெய்லர்களுக்கெல்லாம் அடிப்படை இந்த யோசனைதான். அதைக் காரில் செய்து காட்டிய கர்ட்டிஸுக்கு அந்தப் பெருமை போதுமான அளவு கிடைக்கவில்லை.

அடுத்து வந்தவர் ஹாலி போலஸ். விமானி லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய ‘ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்’ விமானம் கட்டப்பட்டபோது அந்த வேலையை மேற்பார்த்தவர். 1934-இல் அலுமினியத் தகட்டில் ரிவெட் அடித்து ‘ரோட் சீஃப்’ டிரெய்லரைச் செய்தார். அந்த வழியில் 1936-இல் வாலி பையம் கொண்டுவந்தது ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர். விலை 1,200 டாலர், நான்கு பேர் படுக்கலாம். எடையைக் குறைக்க இவர்கள் இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் எளிது. அன்றைய கார் இழுக்கவேண்டும். இழுப்பது இளைத்ததாக இருந்தால், இழுபடுவது அதைவிட இளைத்திருக்கவேண்டும்.

டெட்ராய்ட் பக்கத்தில் ஆர்தர் ஷெர்மன் என்ற நுண்ணுயிரியல் வல்லுநர் தன் குடும்பத்துக்காகச் செய்த பெட்டி டிரெய்லர் ‘கவர்டு வேகன்’ என்ற பெயரில் நாட்டின் மிகப் பெரிய டிரெய்லர் கம்பெனியாக வளர்ந்தது. மோகம் முற்றிய அந்த நாட்களில் ரோஜர் பாப்சன் என்ற பொருளாதாரக் கணிப்பாளர், இருபது ஆண்டுகளில் அமெரிக்கர்களில் பாதிப் பேர் டிரெய்லரில் குடியிருப்பார்கள் என்று அறிவித்தார். அப்படி நடக்கவில்லை. ஆனால் டிரெய்லர் போகவுமில்லை. நீளம் கூடியது, குளியலறை வந்தது, எடை ஏறியது.

எடை ஏறியதும் என்ன ஆனது என்பதை 1954-இல் வந்த ‘தி லாங், லாங் டிரெய்லர்’ என்ற நகைச்சுவைப் படம் சரியாகப் பிடித்தது. லூசில் பாலும் தேசி ஆர்னாஸும் நடித்தது. புதுமணத் தம்பதி 36 அடி டிரெய்லரை ஒரு மெர்க்குரி காரில் பூட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். போகிற ஊர்களிலெல்லாம் மனைவி ஞாபகார்த்தமாகக் கற்களைச் சேர்க்கிறாள். எறிந்துவிடு என்று கணவன் சொன்னபிறகும் டிரெய்லருக்குள் ஒளித்துவைக்கிறாள். மலைப்பாதையில் கார் திணறுகிறது, உள்ளே கற்கள் உருளுகின்றன. திரையரங்கில் சிரித்த பலர் வீட்டில் அதே தவறைச் செய்துகொண்டிருந்தவர்கள். ஒரு கல்லின் எடை யார் கண்ணுக்கும் தெரியாது. அறுபது கற்களின் எடையைக் கொக்கி அறியும்.

கொக்கிக்கு ஒரு கணக்கு உண்டு. மாட்டுவண்டியில் மூட்டை அடுக்குகிறவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று பார்ப்பார்களே, அதே கணக்கு. முன்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிஞ்சினால் ஏர்க்கால் மேலே தூக்கிக்கொள்ளும். டிரெய்லரில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்கவேண்டும். அதற்குக் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும், ஆட்டம் முற்றினால் இழுக்கும் வண்டியையும் சேர்த்துக் கவிழ்க்கும். கூடினால் காரின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரம் லேசாகும், ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. 1950களில் பரவிய ஒருவகைக் கொக்கி இதற்கு மருந்தாக வந்தது. வில்போல் வளையும் இரண்டு எஃகுத் தண்டுகளைச் சங்கிலியால் இறுக்கினால், பின்னச்சில் விழுந்த எடையில் ஒரு பங்கு முன்சக்கரங்களுக்கும் டிரெய்லரின் சக்கரங்களுக்கும் போய்ச்சேரும். அந்தக் கொக்கியின் புண்ணியத்தில் காரின் காலம் இன்னும் இருபது ஆண்டுகள் நீண்டது. 1970களின் தொடக்கத்தில் பெரிய வி-8 எஞ்சினோடு வந்த அமெரிக்கக் கார்களுக்கும் ஸ்டேஷன் வேகன்களுக்கும் 3 டன் அளவுக்கு டிரெய்லர் இழுக்கும் தகுதியைக் கம்பெனிகளே எழுதிக்கொடுத்தன.

கரடுமுரடான இடங்களுக்குப் போகிறவர்கள் மட்டும் முன்பே டிரக்குக்கு மாறிவிட்டார்கள். 1959-இல் வாலி பையம் 41 ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர்களோடு தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து கெய்ரோ வரை ஒரு பயணக்கூட்டத்தை நடத்திச்சென்றார். 221 நாட்கள். எத்தியோப்பியாவில் பேரரசர் ஹைலே செலாஸியைப் பார்த்தார்கள், கீசா பிரமிடுகளின் அடியில் டிரெய்லர்களை நிறுத்திப் படமெடுத்தார்கள். சேற்றிலும் மணலிலும் அவற்றை இழுத்தவற்றில் பெரும்பாலானவை டிரக்குகள்.

அடுத்த ஆண்டு எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் தன் நாயோடு அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பியபோது தேர்ந்தெடுத்ததும் முக்கால் டன் ஜிஎம்சி பிக்கப். டிரெய்லர் இல்லாமல், தொட்டியின்மேலேயே ஒரு சிறு வீட்டைப் பொருத்திக்கொண்டார். ‘ரோசினான்டே’ என்று பெயரிட்ட அந்த வண்டி இன்றும் கலிஃபோர்னியாவின் சலினாஸ் நகரில் அவர் பெயரால் உள்ள மையத்தில் நிற்கிறது. பிக்கப்பில் விடுமுறைக்குப் போவது குறைச்சல் இல்லை என்ற எண்ணம் மெல்ல ஊன்றியது இத்தகைய வண்டிகளால்தான். 1957-இலேயே இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் இரண்டு வரிசை இருக்கை கொண்ட பிக்கப்பை விற்றது. குடும்பம் உட்கார இடம் கிடைத்தால்தானே டிரக் குடும்ப வண்டியாகும்?

உண்மையான திருப்பம் சட்டத்தால் வந்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1975-இல் அமெரிக்க நாடாளுமன்றம் எரிபொருள் சிக்கனச் சட்டத்தை இயற்றியது. 1978 முதல் கார்களுக்குச் சராசரி அளவு விதிக்கப்பட்டது. 1985-க்கான இலக்கு காலனுக்கு 27.5 மைல், அதாவது லிட்டருக்குச் சுமார் 11.7 கிலோமீட்டர். டிரக்குகளுக்குத் தனி அளவு, கையை அவ்வளவாகக் கட்டாத அளவு. சுமையோடு சேர்த்து 8,500 பவுண்டைத் தாண்டும் கனமான பிக்கப்புகளுக்கு அப்போது அளவே விதிக்கப்படவில்லை. கார்கள் உடல் இளைத்தன. எஞ்சின் சுருங்கியது, பின்னாளில் உடலைத் தாங்கிய தனி சேஸிஸும் போய்விட்டது. இழுவைத் தகுதி ஒரு டன்னுக்கும் கீழே வந்த கார்கள் ஏராளம். தனி சேஸிஸ் கொண்ட கடைசிப் பெரிய ஸ்டேஷன் வேகன்களான செவர்லே கேப்ரிஸும் பியூக் ரோட்மாஸ்டரும் 1996-இல் நின்றன. எரிபொருளைச் சேமிக்க வந்த சட்டம், டிரெய்லர் வைத்திருந்த குடும்பங்களை அதிக எரிபொருள் குடிக்கும் வண்டிக்கு அனுப்பியது. சட்டம் எழுதியவர்கள் இதை நினைத்திருக்கமாட்டார்கள்.

ஃபோர்டின் எஃப்-150 பிறந்ததும் இப்படியொரு விதியின் விளிம்பில்தான். 6,000 பவுண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு 1975-இல் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றியும் ஈயமில்லா பெட்ரோலும் தேவைப்பட்டன. எஃப்-150-ஐ அந்த எடைக்குச் சற்று மேலே இருக்கும்படி வடிவமைத்தார்கள். நாட்டில் மிக அதிகம் விற்கும் டிரக் வரிசையின் நடுநாயகம் அதுதான் ஆனது.

1989-இல் டாட்ஜ் ராம் பிக்கப்பில் கம்மின்ஸ் 5.9 லிட்டர் டீசல் எஞ்சின் வந்தது. 160 குதிரைசக்தி என்பது பெரிய எண் இல்லை. ஆனால் 400 பவுண்டு-அடி முறுக்குவிசை தாழ்ந்த சுழற்சியிலேயே கிடைத்ததால் மலைப்பாதையில் திணறாமல் ஏறியது. விவசாய எந்திரங்களுக்கும் லாரிகளுக்கும் செய்த எஞ்சின் அது. கம்மின்ஸின் தலைமையிடம் இண்டியானா மாநிலத்தின் தெற்கே கொலம்பஸ் நகரம். அதே மாநிலத்தின் வடக்கே எல்கார்ட். அமெரிக்க டிரெய்லர்களில் பெரும்பகுதி செய்யப்படுவது அந்த ஊரைச் சுற்றித்தான். அதே எஞ்சின் குடும்பம் 1990களில் ஜாம்ஷெட்பூரின் டாடா கம்மின்ஸ் ஆலைக்கும் வந்தது. நெடுஞ்சாலையில் கம்மின்ஸ் எஞ்சின் டாடா லாரி உறுமிப் போவதைக் கேட்ட தமிழர்களுக்கு அந்தக் குரல் புதிதாக இருக்காது.

பிறகு தொடங்கியது எண்களின் போட்டி. ஐந்து டன் இழுக்கும், ஐந்தரை இழுக்கும் என்று ஒவ்வொரு கம்பெனியும் தன் சோதனையில் தானே மதிப்பெண் போட்டுக்கொண்டது. வாங்குகிறவர் எதை எதோடு ஒப்பிடுவது? வாகனப் பொறியாளர் சங்கம் 2008-இல் ஜே2807 என்ற பொது அளவுகோலை வெளியிட்டது. அதன் கடினமான பகுதி அரிசோனாவில், கொலராடோ ஆற்றின் டேவிஸ் அணைக்கட்டுக்கு அருகே தொடங்கும் ஏற்றச்சாலை. சுமார் 18 கிலோமீட்டரில் 900 மீட்டர் ஏறும். வெயில் 38 டிகிரிக்குக் குறையக்கூடாது, ஏசி முழு வேகத்தில் ஓடவேண்டும், முழுச் சுமையோடு சாதாரண பிக்கப் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கக்கூடாது. 2011 மாடல்களுக்கு முதலில் இதை ஏற்றது டொயோட்டா. அதனால் டுன்ட்ரா பிக்கப்பின் விளம்பர எண் குறைந்தது. குறைவதைத் தெரிந்தே ஏற்ற அந்த முடிவு மரியாதைக்குரியது. டெட்ராய்ட்டின் மூன்று கம்பெனிகளும் அரை டன் பிக்கப்புகளில் இதற்கு முழுமையாக வந்துசேர 2015 ஆனது.

அளவுகோல் வந்தபின்னும் வாங்குகிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ‘அரை டன்’, ‘முக்கால் டன்’ என்பவை ஒருகாலத்தில் தொட்டியில் ஏற்றக்கூடிய எடையைக் குறித்த சொற்கள். இன்று வெறும் வகைப்பெயர்கள். உண்மையான எடை ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சிறு சீட்டில் இருக்கிறது. ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று அது சொல்லும். 680 கிலோ என்று எழுதிய ஒரு அரை டன் பிக்கப்பை எடுத்துக்கொள்ளலாம். விளம்பரத்தில் அது ஐந்து டன் இழுக்கும். பூட்டப்போவது 3,200 கிலோ டிரெய்லர்தான். கொக்கியில் 13 சதவீதம் இறங்கினால் 416 கிலோ. கொக்கியின் சொந்த எடை 45. தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 260. மொத்தம் 721. ஐஸ் பெட்டி, நாய், தொட்டியில் விறகு எதுவும் இன்னும் ஏறவில்லை, சீட்டின் எல்லை தாண்டியாயிற்று. இழுவைத் திறனில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தேவைப்படவில்லை, தாங்கும் திறன் தீர்ந்துவிட்டது. அலங்காரம் கூடக்கூட இந்தத் திறன் இன்னும் குறையும். தோல் இருக்கையும் கண்ணாடிக் கூரையும் அந்தக் கணக்கிலிருந்தே கழிபடுகின்றன. ஒரே பெயர் கொண்ட இரண்டு பிக்கப்புகளின் சீட்டுகளில் இருநூறு கிலோ வித்தியாசம் இருப்பது சாதாரணம்.

இப்போது மின்சார பிக்கப்புகள் வந்திருக்கின்றன. நின்ற இடத்திலிருந்து இழுப்பதில் டீசல் அவற்றின் பக்கத்தில் நிற்கமுடியாது. ஆனால் உயரமான டிரெய்லர் காற்றைக் கிழித்துப் போகவேண்டியிருப்பதால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் பாதியாகிவிடுகிறது. சார்ஜ் நிலையங்கள் பலவற்றில் மூக்கை உள்ளே விட்டு நிறுத்தும் இடம் மட்டுமே உண்டு. ஓட்டுநர் இறங்கி, டிரெய்லரின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கொக்கியைக் கழற்றி, அதை ஓரமாக விட்டுவிட்டுத் தனியாகப் போய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்து மறுபடியும் பூட்டுகிறார்.