பழவேற்காட்டுக் கோட்டையும் கைமாறிய நிலையும்

ஒருவர் உடைமை மற்றொருவர் கைக்குச் செல்லுங்கால், அஃது எந்நிலையிற் சென்றது என்பதை எழுதிவைத்தல் வணிகர் வழக்கம். கடையை வாடகைக்கு விடுவோன் சுவரின் வெடிப்பையும் கதவின் தாழையும் குறித்துக்கொண்ட பின்னரே திறவுகோலை நீட்டுகின்றான். அவ்வெழுத்து இல்லையாயின், பின்னெழும் வழக்கில் வலியோன் சொல்லே செல்லும். இதற்குச் சான்று தேடி யாம் நெடுந்தொலை செல்லவேண்டுவதில்லை. நம் பழவேற்காடே போதும்.

உலாந்தாக்காரர் 1610 ஆம் ஆண்டில் வேங்கடபதி தேவராயரிடம் கௌல் பெற்று ஈண்டு வாணிகச்சாலை அமைத்தனர். 1612 இல் போர்த்துக்கீசியர் அதனைத் தாக்கி அழித்தனர். 1613 இல் கெல்டிரியா என்னும் கோட்டை எழுந்தது. 1690 இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறுமளவும் சோழமண்டலக் கரையில் அவர்தம் வாணிகத்திற்கு அக்கோட்டையே நடுவிடம். துணியும் வெடிமருந்தும் இங்கிருந்து கப்பலேறின. அடிமைப்பட்ட மாந்தரும் ஏறினர் என்பதை மறைத்தல் முறையன்று.

1795 இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1806 இல் அவர்கள் கோட்டையை இடித்துத் தள்ளினர். இனித்தான் நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி வருகின்றது. 1814 ஆம் ஆண்டு உடன்படிக்கை, 1803 சனவரி முதல் நாளில் உலாந்தாக்காரர்க்குரியனவாயிருந்த இடங்களுட் பெரும்பாலனவற்றை மீட்டளிக்க இசைந்தது. ஆயின் கோட்டைகளும் இடங்களும் கையொப்பமிடும் வேளையில் எந்நிலையில் உள்ளனவோ அந்நிலையிலேயே ஒப்புவிக்கப்படும் என்றும் அதில் எழுதப்பட்டது. உரிமைக்கு ஒரு நாள், நிலைமைக்கு வேறொரு நாள்! இடைப்பட்ட காலத்தில் இடிந்ததற்கு யார் பொறுப்பு என்று கேட்க அச்சொற்களுள் இடமில்லை. 1818 இல் அவர்கள் திரும்பப் பெற்றது கோட்டையில்லாத ஊரே. 1824 உடன்படிக்கையின்படி 1825 இல் அதனையும் விட்டகன்றனர். இன்று அகழித்தடமும் மேடும் கல்லறைத்தோட்டமுமே காண்கின்றோம்.

கோட்டைக்கேனும் ஓர் எழுத்து இருந்தது. ஏரிக்கு யாது உளது? கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊரிலும் தலைக்கட்டு உடையார் சீட்டிட்டுப் பாடு பிரித்துக்கொள்ளும் முறை நெடுங்காலத்தது. எவ்விடத்தில் எவர் வலை கட்டுவது என்பது அம்முறையால் துணியப்படும். நிலத்திற்குப் பட்டா உண்டு. நீரிலுள்ள இவ்வுரிமைக்கு ஊரார் நினைவே பட்டா.

தெற்கே காட்டுப்பள்ளியில் துறைமுகம் தொடங்கிற்று. 2018 இல் அதானி நிறுவனத்தார் கைக்கு மாறிற்று. ஏறத்தாழ 330 ஏக்கராயுள்ள அதனை 6,110 ஏக்கர் அளவிற்கு விரிக்கும் திட்டம் பின்னர் எழுந்தது. 2021 சனவரி 22 இல் நடைபெறவிருந்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. கட்டுமானத்திற்கு முன்னுள்ள நிலையைப் பதிதல் 2006 ஆம் ஆண்டு அறிவிக்கையின் கீழ் இத்தகைய திட்டத்திற்குக் கட்டாயம். ஆயினும் பெரும்பாலும் ஒரு பருவத்து அளவீடே அதற்குப் போதுமெனக் கொள்ளப்படுகின்றது. ஐப்பசி மழையில் ஆரணியாறு நன்னீர் கொணரும். கோடையில் முகத்துவாரம் மணலால் தூரும். ஒரு பருவங் கண்டு எழுதிய குறிப்பு இவ்வேரியின் குறிப்பாகுமா?

ஆகலின் மூன்று ஊராரும் தை, சித்திரை, ஆடி, ஐப்பசி என நான்கு முறை முகத்துவாரத்தின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து, பாடுகளின் எல்லையையும் அவ்வப்போது கிடைத்த இறாலின் எடையையும் நாளிட்டு எழுதுதல் வேண்டும். ஊர்ப்பெரியோர் கையொப்பமிட்ட படியொன்றைப் பொன்னேரி வட்டாட்சியர் அலுவலகத்திற் கொடுத்து ஒப்புகைச்சீட்டு பெறுக. கணக்கெழுத நம் பள்ளிப்பிள்ளைகளை அனுப்ப யாம் இசைகின்றோம்.