தோல்வியில் முடியும் விளையாட்டை ஏன் "அமைதியானது" என்றார்கள்? மினி மெட்ரோவின் கதை



பதிவு கொஞ்சம் நீளம். பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிட்டு, "எந்த கேமை விளையாட விடுவது, எதைத் தடுப்பது?" என்று யோசிக்கும் பெற்றோர் பொறுமையோடு கடைசிவரை வாசியுங்கள்.

மினி மெட்ரோ என்றொரு கேம் இருக்கிறது. துப்பாக்கி இல்லை, சண்டை இல்லை, கதாநாயகனும் இல்லை. வெள்ளைத் தாளில் வண்ணக் கோடுகள், அவ்வளவுதான். 2015 நவம்பரில் இது கணினிக்கு முழுமையாக வெளிவந்தபோது, விமர்சகர்கள் பலர் இரண்டு விடயங்களைச் சேர்த்தே எழுதினார்கள். ஒன்று, இது மனதை அமைதிப்படுத்துகிறது. மற்றது, இது மிகவும் கடினமானது. அதோடு, இந்த கேமின் வழமையான ஆட்டத்தில் வெற்றி என்பதே கிடையாது. எவ்வளவு திறமைசாலி ஆடினாலும் கடைசியில் தோல்விதான். அப்படியானால் அமைதி எங்கிருந்து வந்தது?

இதற்குப் பதில் தேட, 1931ஆம் ஆண்டின் லண்டனுக்குப் போக வேண்டும்.

நமது நாட்டில் நிலத்தடி ரயில் இல்லை. லண்டனில் அது 1863 முதல் ஓடுகிறது. பாதைகள் பெருகப் பெருக அதன் வரைபடமும் குழம்பிப் போனது. உண்மையான தூரத்தையும் வளைவுகளையும் அப்படியே காட்டியதால், நகரின் நடுவே நிலையங்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. ஓரத்தில் இருந்தவையோ எங்கோ தூரத்தில் நின்றன. ஹரி பெக் என்பவர் அந்த நிலத்தடி ரயில் நிறுவனத்தின் சமிக்ஞைப் பிரிவில் படம் வரையும் வேலை பார்த்தவர். நிலத்துக்குக் கீழே போகும் பயணிக்கு மேலே எந்தத் தெரு இருக்கிறது என்ற கவலை இல்லை. எங்கே ஏறுவது, எங்கே மாறுவது, எங்கே இறங்குவது என்பதுதான் அவருக்குத் தேவை என்பதை பெக் புரிந்துகொண்டார். 1931இல் அவர் வரைந்த படத்தில் படுக்கைக் கோடு, நிலைக் கோடு, 45 பாகைச் சாய்வுக் கோடு ஆகியவை மட்டுமே இருந்தன. நிலையங்கள் ஏறத்தாழ சம இடைவெளியில் நின்றன. மேலே இருக்கும் நகரத்தின் அடையாளமாக தேம்ஸ் நதியை மட்டும் விட்டுவைத்தார்.

நிறுவனம் முதலில் அதை நிராகரித்தது. இவ்வளவு மாற்றத்தை மக்கள் ஏற்பார்களா என்ற பயம். பிறகு 1933இல் சட்டைப்பையில் வைக்கக்கூடிய சிறு மடிப்பாக வெளியிட்டார்கள். அதன் அட்டையிலேயே, இது பழைய வரைபடத்துக்கு ஒரு புதிய வடிவம், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று பொதுமக்களைக் கேட்டிருந்தார்கள். மக்கள் உடனே ஏற்றுக்கொண்டார்கள். இன்று உலகின் பல நகரங்களின் மெட்ரோ வரைபடங்கள் இந்த வழியில்தான் வரையப்படுகின்றன.

இனி 2013இன் நியூசிலாந்துக்கு வருவோம். லூடும் டேர் என்பது உலகெங்கும் உள்ளவர்கள் ஒரே வார இறுதியில் கேம் உருவாக்கும் இணையவழிப் போட்டி. அந்த ஏப்ரல் மாதப் போட்டிக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு "மினிமலிசம்", அதாவது குறைந்ததைக் கொண்டு நிறைவாகச் செய்வது. பீட்டர் கரி, ரொபர்ட் கரி என்ற சகோதரர்கள் அதற்கென ஒரு சிறிய கேமை உருவாக்கினார்கள். அதற்கு "மைன்ட் த கேப்" என்று பெயர் வைத்தார்கள். லண்டன் ரயில் மேடைகளில் ஒலிக்கும் எச்சரிக்கை வாசகம் அது. அந்தச் சிறு முயற்சிதான் பின்னர் மினி மெட்ரோவாக வளர்ந்தது. அவர்களுடைய நிறுவனத்தின் பெயர் டைனோசர் போலோ கிளப்.

ஆடும் முறை இதுதான். திரையில் வட்டம், முக்கோணம், சதுரம் என நிலையங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றும். பயணிகளும் அதே வடிவங்களில்தான் வருவார்கள். முக்கோணப் பயணி முக்கோண நிலையத்துக்குப் போக வேண்டும். நீங்கள் விரலால் கோடு இழுத்து நிலையங்களை இணைக்க வேண்டும். கையில் இருப்பது சில கோடுகள், சில ரயில்கள், நதியைக் கடக்கச் சில சுரங்கப்பாதைகள் மட்டுமே. வாரம் முடிந்ததும் ஒரு ரயில் கிடைக்கும். அதோடு இரண்டு உதவிகளைக் காட்டி ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்வார்கள். புதிய கோடா, கூடுதல் பெட்டியா? இரண்டும் தேவை, ஆனால் ஒன்றுதான் கிடைக்கும். நகரமோ வளர்ந்துகொண்டே போகும். ஏதாவது ஒரு நிலையத்தில் அளவுக்கு மீறிய கூட்டம் நீண்ட நேரம் நின்றுவிட்டால் ஆட்டம் முடிந்தது.

சம்பளம் வந்த கையோடு கடன், கரண்ட் பில், பிள்ளையின் ரியூஷன் காசு என்று கணக்குப் போடும் எந்தக் குடும்பத்துக்கும் இந்தக் கேமை விளக்கத் தேவையில்லை.

2014 ஓகஸ்டில், முழுமையடையாத நிலையிலேயே ஸ்டீம் தளத்தில் விற்பனைக்கு விட்டார்கள். ஆடியவர்களின் கருத்துகளைக் கேட்டுக்கேட்டு ஓராண்டுக்கு மேல் திருத்தினார்கள். 1933இல் அட்டையில் அச்சடித்துக் கேட்ட அதே கேள்விதான்: எப்படி இருக்கிறது, சொல்லுங்கள். முழு வடிவம் வந்த பின் விமர்சனங்கள் பெரும்பாலும் சாதகமாகவே இருந்தன. தேவையற்ற எதுவுமில்லாத அதன் தோற்றத்தைப் பாராட்டினார்கள். இசையையும் பாராட்டினார்கள். அந்த ஒலியை அமைத்தவர் டிசாஸ்டர்பீஸ் என்ற பெயரில் இயங்கும் ரிச்சர்ட் வ்ரீலண்ட். இதில் பதிவு செய்த பாட்டு ஓடுவதில்லை. ரயில் ஓடுவதும் பயணி ஏறுவதும் நீங்கள் கோடு இழுப்பதும்தான் ஒலியாகின்றன. உங்கள் வலையமைப்பே உங்கள் இசை. 2016இல் சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் சிறந்த ஒலிக்கான விருது இதற்குக் கிடைத்தது.

முறைப்பாடுகளும் வந்தன. புதிய நிலையம் எங்கே முளைக்கும் என்பது தற்செயல் என்பதால், சில வேளை நம் திறமையை விட அதிர்ஷ்டமே முடிவு செய்கிறது என்றார்கள். நீண்ட நேரம் ஆடினால் எல்லா நகரங்களும் ஒரே மாதிரித் தெரிகின்றன என்றார்கள். சிலர் அந்த "அமைதி" என்ற சொல்லையே கேள்வி கேட்டார்கள்: முதல் பத்து நிமிடம் அமைதிதான், கடைசி ஐந்து நிமிடம் நெஞ்சு படபடக்கிறதே? நியாயமான கேள்விதான். இதில் தோல்வியே இல்லாத ஒரு முறையும் உண்டு. போட்ட கோட்டை மாற்றவே முடியாத மிகக் கடினமான முறையும் உண்டு. அமைதி மட்டும் வேண்டும் என்பவருக்கு ஒன்று, சவால் மட்டும் வேண்டும் என்பவருக்கு மற்றது. இருந்தும் விமர்சகர்கள் அதிகம் பேசியது இரண்டும் கலந்த அந்த வழமையான ஆட்டத்தைப் பற்றித்தான்.

ஏன்? ஓர் ஆசிரியராக எனக்குப் படுவதைச் சொல்கிறேன்.

இந்தக் கேமில் தோல்வி மறைந்து நின்று தாக்குவதில்லை. எந்த நிலையத்தில் கூட்டம் சேர்கிறது என்பது முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிகிறது. கையைப் பிசையும் நேரத்தில் ஆட்டத்தை நிறுத்திவைத்து யோசிக்கலாம். வழமையான ஆட்டத்தில் போட்ட கோட்டை அழித்து வேறு வழியில் போடலாம், அதற்குத் தண்டனை இல்லை. கடைசியில் தோற்றாலும் எந்த இடத்தில் அடைபட்டது என்று காட்டுகிறது. எத்தனை பயணிகளைக் கொண்டுசேர்த்தீர்கள் என்றும் சொல்கிறது. நீங்கள் வரைந்த வலையமைப்பு ஒரு முழுப் படமாகத் திரையில் நிற்கிறது. கேலி இல்லை, காசு கேட்டு மிரட்டுவதும் இல்லை. பெக் தனது வரைபடத்தில் தேவையற்றதை நீக்கிப் பயணியின் குழப்பத்தைத் தீர்த்தார். இந்தச் சகோதரர்கள் அதே வழியில் தோல்வியின் குழப்பத்தைத் தீர்த்தார்கள். காரணம் தெரிந்த தோல்வி மனிதனை உடைப்பதில்லை, "இன்னொரு தடவை பார்ப்போம்" என்று சொல்ல வைக்கிறது. அந்த அமைதி இங்கிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம்.

நமது வகுப்பறைகளில் இதற்கு நேர்மாறாகத்தான் பெரும்பாலும் நடக்கிறது. பிள்ளையின் கையில் 38 என்று சிவப்பு மையில் எழுதிய தாள் வருகிறது. எந்தக் கணக்கில், எந்தப் படியில் தடுக்கியது என்பது அதில் இல்லை. வீட்டுக்குப் போனால் அடுத்த வீட்டுப் பிள்ளை எடுத்த புள்ளிதான் பேச்சு. பிள்ளை தோற்பதைக் கற்றுக்கொள்வதில்லை, தாளை ஒளித்து வைக்கத்தான் கற்றுக்கொள்கிறது.

எல்லாரும் இந்தக் கேமை வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. நேரக் கட்டுப்பாடு எந்த கேமுக்கும் தேவை, இதற்கும் தேவை. ஆனால் ஒரு கேம் நல்லதா கெட்டதா என்று பார்க்கும்போது "இதில் சண்டை இருக்கிறதா?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "தோற்றால் இது என் பிள்ளையை எப்படி நடத்துகிறது? ஏன் தோற்றாய் என்று காட்டுகிறதா, இல்லை காசு கட்டினால் தப்பலாம் என்கிறதா?" என்றும் கேளுங்கள்.

அடுத்த தவணைப் பரீட்சைத் தாள் வீட்டுக்கு வரும்போது, புள்ளியைப் பார்ப்பதற்கு முன் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, "எந்த இடத்தில் அடைபட்டது மகன், காட்டுங்க பார்ப்போம்" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பிள்ளை என்ன பதில் சொன்னது என்பதை முடிந்தால் கீழே எழுதுங்கள். ஆசிரியர்களாகிய எங்களுக்கும் அது தெரிய வேண்டும்.