சைக்கிள் சொல்லும் சரித்திரம்

சித்திரை வருடப்பிறப்பு என்றால் எங்கட ஊர்களில் போர்த்தேங்காய் அடியும் சைக்கிள் ஓட்டமும் இல்லாமல் இராது. வேகமாக ஓடி வந்தவருக்கு ஒரு பரிசு. காலை நிலத்தில் ஊன்றாமல் எல்லாருக்கும் பிந்தி வந்து சேர்ந்தவருக்கு இன்னொரு பரிசு. ஆகவே புத்தாண்டு மலரில் சைக்கிளைப் பற்றி எழுதுவது பொருத்தம்தான். பாடப்புத்தகத்தில் அதற்குத் 'துவிச்சக்கரவண்டி' என்று பெயர். வீட்டில் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.

நாங்கள் ஓடிய சைக்கிளின் பிறப்பிடம் இங்கிலாந்து. 1885இல் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ராளி என்பவர் 'றோவர்' என்ற வண்டியைச் செய்தார். அதற்கு முந்தி முன்சில்லு ஆள் உயரமும் பின்சில்லு சாண் உயரமுமாக இருந்த வண்டியில் ஏறுவதே ஒரு சாகசம். ஸ்ராளி இரண்டு சில்லையும் ஏறக்குறைய ஒரே அளவாக்கி, பெடலை நடுவில் வைத்து, செயினால் பின்சில்லைச் சுழற்றினார். 1888இல் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராக இருந்த டன்லொப், தன் மகனின் முச்சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரயரைச் செய்தார். நொட்டிங்காம் நகரின் றலி வீதியில் இருந்த சிறு பட்டறையொன்று அதே காலத்தில் பெரிய கம்பனியாக வளர்ந்தது. எங்கட அப்புமாரின் வாயில் சைக்கிள் என்பதற்கு மறுபெயராகவே நின்ற 'றலி' அந்த வீதியின் பெயர்தான்.

குடியேற்ற நாடுகளுக்கு இங்கிலாந்து அனுப்பிய சைக்கிள் உருக்குக் குழாயால் ஆனது. குழாய்களை மூட்டுக்குள் செருகிப் பித்தளை உருக்கி ஒட்டுவார்கள். 28 அங்குலச் சில்லு, கம்பியால் இழுக்கும் பிறேக், மூடிய செயின்கவர், ஸ்பிறிங் வைத்த தோல் சீற். எல்லாம் சேர்ந்து இருபது கிலோ அளவு வரும். பாரம்தான். ஆனால் சட்டம் வெடித்தால் ஊர்ப் பட்டறையிலேயே ஒட்டலாம், வளைந்தால் நிமிர்த்தலாம். மண் ஒழுங்கையும் குண்டும் குழியுமான றோட்டும் அதற்கு ஒரு பொருட்டில்லை.

எந்தச் சைக்கிள் என்று பெயரைப் பார்த்துத்தான் அறிய வேண்டும் என்றில்லை. பெடலோடு சுற்றும் பல்லுச்சில்லைப் பார்த்தாலே போதும். றலியில் மூன்று கொக்குத் தலைகள் இருக்கும். றட்ஜில் ஒரு கை. ஹம்பரில் ஐந்து மனித உருவங்கள். அதன் முன்போர்க்கும் இரட்டைக் குழாயாக இருக்கும். இவை வேறு வேறு கம்பனிகளாகத் தொடங்கினாலும், ஹம்பர் சைக்கிள் 1932இலும் றட்ஜ் 1943இலும் றலியின் கைக்கு வந்துவிட்டன. 'றலி திறமோ ஹம்பர் திறமோ' என்று சந்தியில் நின்று தர்க்கப்பட்டவர்கள், ஒரே கம்பனியின் இரண்டு பிள்ளைகளுக்காகத்தான் தர்க்கப்பட்டார்கள்!

1970 தொடக்கம் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலத்தில் புதுச் சீமைச் சைக்கிள் வாங்குவது லேசான காரியமல்ல. அதனால் பழையதைத் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்துப் பேணினார்கள். தகப்பனின் றலி மகனுக்கு முதுசமாக வந்தது. 1977க்குப் பிறகு இந்தியச் சைக்கிள்களும் வேறு நாட்டுச் சைக்கிள்களும் தாராளமாக வந்தன. இலங்கையிலேயே செய்த லுமாலாவும் வீட்டுக்கு வீடு வந்தது.

கொஞ்சம் வசதியான வீடென்றால் மூன்று நாலு சைக்கிள் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலை. ஐயா கந்தோருக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகும் றலியை வேறு ஆரும் தொடக்கூடாது. தோட்டத்துக்கும் சந்தைக்கும் போவது பெரிய கரியர் போட்ட பழைய ஹேர்குலிஸ். வெங்காய மூட்டையும் வாழைக்குலையும் அதில்தான் ஏறும். அக்காவுக்குக் குறுக்குப்பார் இல்லாத லேடீஸ் சைக்கிள். சின்னவனுக்கு அரைச் சைக்கிள். அது இல்லாத வீட்டுப் பிள்ளை பெரிய சைக்கிளில் பாருக்குள்ளால் காலை விட்டு, உடம்பை ஒரு பக்கம் சரித்து ஓடிப் பழகும். மீன்காரரின் பெட்டியும் பாண்காரரின் பெட்டியும் கரியரில்தான் ஊர் சுற்றின.

1990 ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்கியது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றறி, சவர்க்காரம், மெழுகுதிரி என்று தடைப் பட்டியல் நீண்டது. பஸ்ஸும் காரும் ஓய்ந்தன. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடியது. எல்லாப் பாரமும் சைக்கிளில் வந்து விழுந்தது. கலியாண மாப்பிள்ளை பொம்பிளையும் அதில்தான், ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளியும் அதில்தான். ஆனையிறவுப் பாதை மூடிய பிறகு கொம்படி, ஊரியான் வெளியில் தண்ணிக்குள்ளாலும் சேற்றுக்குள்ளாலும் சைக்கிளை உருட்டினார்கள். பிறகு கிளாலிக் கடலேரியில் வள்ளத்தில் ஏற்றினார்கள். விறகும் மண்ணெண்ணெய்க் கானும் கட்டிக்கொண்டு மைல் கணக்காக உழக்கிக் குடும்பம் காப்பாற்றிய எத்தனையோ பேரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

வீட்டில் சைக்கிளுக்கு இன்னொரு உத்தியோகமும் கிடைத்தது. பின்சில்லில் உரசிச் சுழலும் டைனமோ 6 வோல்ற், 3 வாற் மின்சாரம் தரும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ வயரை ரேடியோவுக்குக் கொடுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, சுற்றியிருந்தவர்கள் பி.பி.சி. தமிழோசை கேட்டார்கள். சுற்றுகிறவரின் கை களைத்தால் செய்தியும் இழுபடும்.

1995 அக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து லட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி வெளிக்கிட்டது. நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் ஆளோடு ஆள் நெரிபட்டு நின்றார்கள். அன்றைக்கு ஒவ்வொரு வீட்டிலும் எந்தச் சைக்கிளைக் கொண்டு போவது என்று கேள்வி வந்தது. மினுக்கி வைத்த றலியா? பெரிய கரியர் போட்ட பழசா? பல பேர் பழசைத்தான் எடுத்தார்கள். அரிசி மூட்டையும் கிழவியும் பிள்ளையும் ஏறுவது அதில்தானே. அன்று அதில் ஏறி ஓட இடமில்லை, உருட்டத்தான் முடிந்தது.

இனி, நாங்கள் வந்து சேர்ந்த இந்த ஒல்லாந்து தேசத்துக்கு வருவோம். எண்பதுகளின் நடுப்பகுதியில் இங்கு வந்த எம்மவர்கள் 'ஓமாஃபீற்ஸ்' என்ற பாட்டிச் சைக்கிளைக் கண்டதும், 'இது எங்கட லேடீஸ் சைக்கிளல்லோ' என்றார்கள். சொன்னது சரிதான். ஆங்கில றோட்சைக்கிளின் அமைப்பை டச்சுக்காரர் எடுத்துக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள். பழைய றலியின் 28 x 1½ றிம்மும் பழைய டச்சுச் சைக்கிளின் றிம்மும் ஒரே அளவு, 635 மில்லிமீற்றர். 1892இல் டீரன் என்ற ஊரில் தொடங்கிய கஸெல் கம்பனியின் பழைய சைக்கிளை எங்கட ஊர்த் திருத்துகாரரிடம் கொடுத்தால், கண்ணை மூடிக்கொண்டு பூட்டுவார்.

இவர்களுக்கும் ஒரு முற்றுகைக் கதை உண்டு. ஜேர்மன் படை 1942 ஜூலையில் சனங்களின் சைக்கிள்களைப் பறிக்கத் தொடங்கியது. 1944 செப்டெம்பரில் ரயில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, பதிலடியாக மேற்கு மாகாணங்களுக்கு உணவு போவதைத் தடுத்தார்கள். பிறகு தடையைத் தளர்த்தியும், குளிரில் வாய்க்கால்கள் உறைந்து படகுகள் நின்றுவிட்டன. அந்தப் 'பசிக்குளிர்காலத்தில்' ஏறக்குறைய 20,000 பேர் இறந்தார்கள். அம்ஸ்ரடாம் பெண்கள் ரயர் இல்லாத சைக்கிளுக்கு மரவளையத்தையும் தண்ணிக் குழாயையும் சுற்றிக்கொண்டு, நகையையும் துணியையும் கொடுத்து உருளைக்கிழங்கு வாங்கத் தோட்டக்காரரிடம் போனார்கள். வீட்டுக்குள் சைக்கிளை நிறுத்தி மிதித்து, டைனமோவில் விளக்கு எரித்தார்கள். படிக்கும்போது எங்களுக்கு மயிர் கூச்செறிகிறது. இது எங்கட கதையல்லோ!

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவர்கள் அதை எழுதினார்கள். பிள்ளைகளின் பாடத்தில் வைத்தார்கள். போர்க்கால நூதனசாலைகளில் காட்டுகிறார்கள்.

இன்று இந்த நாட்டில் ஆட்களின் தொகையை விடச் சைக்கிளின் தொகை கூட. எங்கட வீடுகளிலும் திரும்ப மூன்று நாலு நிற்கின்றன. ஸ்ரேசனில் விடுவதற்கு ஒரு பழசு (அதற்குச் சைக்கிளை விடப் பூட்டு நல்லதாக இருக்கவேணும்). கடைக்கும் பிள்ளைகளை ஏற்றவும் பாரம் தாங்கும் கரியர் போட்ட ஒன்று, அல்லது முன்னுக்குப் பெட்டி வைத்த 'பக்ஃபீற்ஸ்'. ஞாயிற்றுக்கிழமை தூர ஓட்டத்துக்கு மெல்லிய குழாயால் செய்த றேசிங் சைக்கிள். அலுமினியம் பாரம் குறைவுதான். என்றாலும் நெடுங்காலம் வைத்து, உடைந்தால் ஒட்டி ஓடப் போகிறவர்களுக்கு உருக்கு இன்றைக்கும் நல்ல தெரிவு. பிள்ளைகள் தெரிவு செய்யும்போது பக்கத்தில் நின்று, எந்த வேலைக்கு எது என்று சொல்லிக் கொடுங்கோ. இதே கணக்கை ஐயாமார் ஊரில் எப்பவோ போட்டுவிட்டார்கள் என்பதையும் சொல்லுங்கோ.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வருடப்பிறப்புக்கு வீட்டில் இருக்கும் முதியவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். உங்களிடம் நின்றது என்ன சைக்கிள்? தடைக்காலத்தில் அதில் எதை ஏற்றினீர்கள்? இடம்பெயர்ந்தபோது எதைக் கொண்டுபோனீர்கள், எதை விட்டீர்கள்? பதிலைத் தேதியோடும் ஊரோடும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சொல்லக்கூடியவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வருகிறார்கள்.