மலை நகரவில்லை, கோடு நகர்ந்தது!

2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்து திருப்பத்தூர் தனி மாவட்டமானபோது, ஜவ்வாது மலையில் ஒரு கூழாங்கல்லாவது நகர்ந்ததா? இல்லை! அதே மலை, அதே ரோடு. மாறியது கலெக்டர் ஆபீஸ்தான். கம்ப்யூட்டர் வலையிலும் இப்படியொரு பிரிவினை உண்டு. பெயர், வீலேன்.

1980-களில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வுக்கூடத்தில் டேவிட் சின்கோஸ்கிக்கு ஒரு தலைவலி. ஸ்விட்சுகளுக்கு நடுவே எத்தனை கேபிள் இழுத்தாலும் சேதிகள் ஒரே வழியில்தான் போகும், நடுவில் நெரிசல். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு சேதியின் நெற்றியிலும் ஓர் அடையாளம் ஒட்டினார். நிறம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பாதை! 1998-ல் இந்த அடையாளத்துக்கு 802.1க்யூ என்று பொதுத் தரமே வந்துவிட்டது. நிறத்துக்குப் பதில் எண். 1 முதல் 4094 வரை.

ஒரு காலேஜில் ஒரே ஸ்விட்ச். முதல் 12 போர்ட்டுக்கு எண் 10, அது ஆபீஸ். அடுத்த 12-க்கு எண் 20, அது மாணவர்கள். பக்கத்திலேயே இருந்தாலும் ஒருவர் கூப்பாடு மற்றவருக்குக் கேட்காது. பேசியே ஆகணுமா? ரௌட்டர் என்கிற நாட்டாமை வழியாகத்தான் பேசணும்.

ஆனால், கோடு போடுவது மனிதக் கை. மாணவர் போர்ட்டில் 20-க்குப் பதில் 10 என்று தட்டிவிட்டால் போச்சு, அந்தக் கம்ப்யூட்டர் ஆபீஸுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். இந்த வீட்டில் செங்கல் கிடையாது சார், எண்தான் சுவர்!