வீடு கட்டிக்கொண்டிருக்கிறது - ஒரு ஆங்கில வாக்கியத்தின் நூறு வருடச் சண்டை

'தி ஹவுஸ் இஸ் பீயிங் பில்ட்.' வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடத்து ஆங்கிலப் பரீட்சையில் ஆக்டிவ் வாய்ஸை பாசிவ் வாய்ஸாக மாற்றச் சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடக்கூடிய வாக்கியம். முழு மார்க்கும் கிடைக்கும். ஆனால் இதையே 1870-ல் நியூயார்க்கில் எழுதியிருந்தால், ஆங்கிலத்தைக் கெடுக்க வந்த ஆள் என்று திட்டு வாங்கியிருக்க வேண்டும். நம்ப முடிகிறதா?

அப்படியானால் அதற்கு முன்பு எப்படி எழுதினார்கள்? 'தி ஹவுஸ் இஸ் பில்டிங்' என்று எழுதினார்கள். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் 'வீடு கட்டிக்கொண்டிருக்கிறது'. வீடு எதைக் கட்டும் என்று யாரும் கேட்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் 'இன் பில்டிங்', அதாவது 'கட்டுதலில் இருக்கிறது' என்ற வழக்கு இருந்தது. அது தேய்ந்து 'எ-பில்டிங்' ஆகி, பிறகு வெறும் 'பில்டிங்' ஆனது என்று பொதுவாக விளக்கம் சொல்வார்கள். ஜேன் ஆஸ்டின் கூட தன் 'நார்த்தாங்கர் அபே' நாவலில், பெட்டிகளைக் கீழே இறக்குவதைச் சொல்ல இந்த அமைப்பைத்தான் பயன்படுத்தினார்.

தமிழுக்கும் இது ஒன்றும் புதிதில்லை. 'திண்ணை மெழுகிற்று' என்று இலக்கண உரைகளில் ஒரு உதாரணம் வரும். திண்ணை எங்கே மெழுகியது? மெழுகியது யாரோ ஒருவர். செய்யப்பட்ட பொருளையே செய்தது போலச் சொல்வதும் வழக்குதான் என்று தொல்காப்பியம் ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்றைக்கும் 'புத்தகம் நன்றாக விற்கிறது' என்றால் நமக்குப் புரிகிறது அல்லவா? அதே சங்கதிதான்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. வீடு தன்னைத்தானே கட்டாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் குழப்பம் இல்லை. 'தி பாய் இஸ் பீட்டிங்' என்று சொன்னால்? பையன் அடிக்கிறானா, அடி வாங்குகிறானா? பழைய அமைப்பில் இதற்குப் பதில் இல்லை.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'இஸ் பீயிங்' அமைப்பு மெதுவாக உள்ளே நுழைந்தது. முதலில் புத்தகங்களில் அல்ல, கடிதங்களில். 1772-ல் எழுதப்பட்ட ஒரு கடிதத்தில், நாடாளுமன்றத்தில் நடந்துகொண்டிருந்த விவாதத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில் இது வருகிறது. 1795-ல் கவிஞர் ராபர்ட் சதே எழுதிய கடிதத்திலும் வருகிறது. அங்கே நாவிதர் ஒருவர் ஒரு மனிதனின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்! பல் பிடுங்கப்படுகிறவனின் நிலைமையைச் சொல்லப் பழைய இலக்கணம் போதவில்லை போலும்.

எதிர்ப்பு கிளம்ப நாளாகவில்லை. புதிய அமைப்பு பத்திரிகைகளில் பரவப் பரவ, இலக்கணக்காரர்களின் கோபமும் ஏறியது. 1851-ல் பெரிய ஆங்கில இலக்கண நூல் ஒன்றை வெளியிட்ட கூல்ட் பிரவுன் இதை எதிர்த்தார். 1860-ல் வெளிவந்த சொற்பொழிவு நூலில் ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ் இதை அவலட்சணமான புது வரவு என்கிற ரீதியில் ஒதுக்கினார். எல்லோரையும் விடக் கடுமையாக எழுதியவர் ரிச்சர்ட் கிராண்ட் வைட். நியூயார்க்கைச் சேர்ந்த விமரிசகர், ஷேக்ஸ்பியர் ஆய்வாளர். 1870-ல் வந்த அவருடைய 'வேர்ட்ஸ் அண்ட் தேர் யூசஸ்' நூலில் 'இஸ் பீயிங் டன்' என்பதற்கென்றே ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கினார்.

அவருடைய வாதம் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். 'இஸ்' என்பதும் 'பீ' என்பதும் ஒரே வினைச்சொல். ஆகவே 'இஸ் பீயிங்' என்றால் 'இருந்து இருக்கிறது' என்றாகிறது. 'பில்ட்' என்பதோ முடிந்துபோன வேலையைக் குறிக்கிறது. முடிந்துபோன வேலை எப்படி நடந்துகொண்டிருக்கும்? இதை அனுமதித்தால் நாளைக்கு 'ஹேஸ் பீன் பீயிங் பில்ட்' என்றும் எழுதுவார்களே என்பது எதிர்த்தவர்களின் இன்னொரு பயம். அந்தப் பயத்தில் உண்மை இல்லாமல் இல்லை. அந்த நீளமான வடிவத்தை இன்றும் யாரும் விரும்பி எழுதுவதில்லை.

வைட்டுக்குப் பதில் சொன்னவர் ஃபிட்ஸ்எட்வர்ட் ஹால். இவர் கதை தனி சினிமா! 1825-ல் நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில் பிறந்தவர். ஹார்வர்டில் படிப்பு முடியும் தறுவாயில், வீட்டை விட்டு ஓடிப்போன தம்பியைத் தேடி 1846-ல் கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறினார். கங்கை முகத்துவாரத்தில் கப்பல் உடைந்தது. பிழைத்துக் கரையேறியவர் இந்தியாவிலேயே தங்கி, இந்துஸ்தானி, பாரசீகம், வங்காளி, சமஸ்கிருதம் என்று படித்துத் தள்ளினார். காசி அரசு சமஸ்கிருதக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். பிறகு 1862-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்குப் போனார். அங்கே சக அறிஞர் ஒருவரோடு ஏற்பட்ட தகராறில் குடிகாரர், ஒற்றர் என்றெல்லாம் பழி சுமத்தப்பட்டு, 1869-ல் வேலையை இழந்து சஃபோக் கிராமப்புறத்தில் ஒதுங்கினார்.

அங்கிருந்துதான் 1872-லும் 1873-லும் வெளிவந்த இரண்டு நூல்களில் வைட்டின் வாதங்களைப் பிரித்து மேய்ந்தார். அவர் முறை எளிமையானது. 'இது சரியாக இருக்க முடியுமா' என்று தர்க்கம் பேசவில்லை. 'யார் யார் எழுதியிருக்கிறார்கள்' என்று தேடினார். சதே, லேம், லாண்டர் என்று நல்ல எழுத்தாளர்களின் வாக்கியங்களை அடுக்கினார். ஒரு சொற்றொடருக்கு அர்த்தம் அதன் உறுப்புகளைத் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்து வருவதில்லை, வழக்கத்தால் வருகிறது என்பதே அவர் பதிலின் சாரம். பின்னாளில் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காகச் சம்பளம் இல்லாமல் தினமும் பல மணி நேரம் வேலை பார்த்தார். ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரேயை ஒரு முறை கூட நேரில் சந்திக்காமலே 1901-ல் இறந்தார்.

ஜெயித்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. வைட் 'அவலட்சணம்' என்று கண்டதை இன்று ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதிப்போடுகிறார்கள். அவர் சரி என்று நினைத்த 'தி ஹவுஸ் இஸ் பில்டிங்'கை எழுதினால் சிவப்பு மை விழும். பழைய அமைப்பின் மிச்சம் 'டின்னர் இஸ் குக்கிங்' போன்ற சில இடங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சண்டை அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. 20-ம் நூற்றாண்டில் பாசிவ் வாய்ஸ் மீதே வழக்கு திரும்பியது. வில்லியம் ஸ்ட்ரங்க் தன் 1918 கையேட்டில் செய்வினையில் எழுதுங்கள் என்றார். 1946-ல் ஜார்ஜ் ஆர்வெல், செய்வினை போதுமான இடத்தில் செயப்பாட்டு வினை வேண்டவே வேண்டாம் என்று விதி போட்டார். வேடிக்கை என்னவென்றால், அதே கட்டுரையில் அவரே அதைத் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கிறார். ஸ்ட்ரங்கின் கையேட்டை ஈ.பி.வைட் விரிவாக்கி 1959-ல் வெளியிட்டார். அதில் இந்த விதிக்குக் காட்டப்பட்ட நான்கு உதாரணங்களில் மூன்று செயப்பாட்டு வினையே இல்லை என்று 2009-ல் மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம் சுட்டிக்காட்டினார்.

அப்படியென்றால் பாசிவ் எழுதியதைத் திருத்தவே கூடாதா? திருத்தலாம், ஆனால் காரணம் வேறாக இருக்க வேண்டும். 1987-ல் ஈரான்-கான்ட்ரா ஆயுத விவகாரம் பற்றிப் பேசிய அதிபர் ரீகன், பெரிய தவறுகள் செய்யப்பட்டன என்றார். செய்தவர் யார் என்பது வாக்கியத்தில் இல்லை. அங்கே தேவைப்படும் திருத்தம் இலக்கணத் திருத்தம் அல்ல, எழுவாய். மாறாக, 'பாலம் 1914-ல் திறக்கப்பட்டது' என்ற வாக்கியத்தில் பேச்சு பாலத்தைப் பற்றியது. அதைச் செய்வினையாக மாற்றினால் கெட்டுத்தான் போகும்.

கணக்குப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த ஒரு உதாரணம் உண்டு. நிறுவனத்தின் கணக்குக் குறிப்புகளில் 'தேய்மானம் கணக்கிடப்பட்டுள்ளது' என்கிற மாதிரி செயப்பாட்டு வினையாகவே போய்க்கொண்டிருக்கும். அதில் தப்பில்லை, யார் கணக்கிட்டார் என்று அங்கே யாருக்கும் கவலை இல்லை. ஆனால் ஆடிட்டர் அறிக்கையில் வரும் 'வீ ஹேவ் ஆடிட்டட்' செய்வினை. நாங்கள் தணிக்கை செய்தோம். ஏனென்றால் நாளைக்குப் பிரச்சினை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அந்த 'நாங்கள்'தான்.

ஒரு வாக்கியத்தில் செயப்பாட்டு வினை இடறினால், அது அழகா அசிங்கமா என்று பார்ப்பதற்கு முன், செய்தவரின் பெயர் அங்கே இருந்தாக வேண்டுமா என்று கேட்டுப் பார்க்கலாம். வைட் கேட்க மறந்த கேள்வி அதுதான்.