காக்காப்பொன் உரித்த கை

பழைய இஸ்திரிப் பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே அழுத்திக்கொண்டிருக்கும் இரும்புத் தட்டையும் ஆஸ்பெஸ்டாஸ் அட்டையையும் எடுத்தால் எலிமெண்ட் தெரியும். நைக்ரோம் நாடா சுற்றிய மைக்கா தகடு ஒன்று, அதற்கு மேலும் கீழும் வெறும் தகடு. வடமாலபேட்டையில் திருப்பதி ரோட்டோரம் 1978இல் கடை போட்டதிலிருந்து நான் அதிகம் மாற்றியது இதைத்தான். தமிழ் பேசுகிறவர் காக்காப்பொன் என்பார், தெலுங்குக்காரர் அப்ரகம் என்பார். கடைக்குள் எல்லாருக்கும் மைக்கா.

எனக்கு அது சின்ன வயசுப் பழக்கம். என் பாட்டி கூடூரில் மைக்கா உரித்தவள். ரேணிகுண்டாவில் ரயில் ஏறினால் காளஹஸ்தி, வெங்கடகிரி தாண்டிக் கூடூர். அதை ஒட்டிய சைதாபுரம் பக்கத்துச் சுரங்கங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். கோடர்மா சரக்கு சிவப்புச் சாயல், நெல்லூர்ச் சரக்கு பச்சை. கொட்டகையில் உட்கார்ந்து கத்தியால் உரிப்பது பெரும்பாலும் பெண்கள். இரண்டாம் உலகப் போரில் ரேடியோ வால்வும் கண்டென்சரும் மைக்கா இல்லாமல் ஆகாது என்றாகி, 1942இல் பிரிட்டனும் அமெரிக்காவும் கூட்டாகக் குழு வைத்தே இந்தியாவில் வாங்கின. பாட்டி வேலைக்குப் போனது அந்த வருஷங்களில்தான். வெள்ளைக்காரன் வீட்டு ஜன்னலுக்குப் போகிறது என்று நினைத்திருந்தாள். (முழுத் தப்பில்லை. அடுப்புக் கதவில் கண்ணாடிக்குப் பதில் மைக்கா பதித்த காலம் உண்டு.)

மைக்கா கரண்ட்டை விடாது, சூட்டை விடும் என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொன்னதை நானும் பையன்களுக்குச் சொல்லிவந்தேன். பாதிதான் சரி. சூட்டைக் கடத்துவதில் செம்பு இதைப்போலப் பல நூறு மடங்கு. கண்ணாடியைவிடக்கூட மைக்கா மந்தம். சூடு அடித்தட்டுக்கு இறங்குவது தகடு மெல்லிசாக இருப்பதால். கரண்ட்டோ அந்த மெல்லிசையும் தாண்டாது. ஒரு மில்லிமீட்டரை நாற்பதாகப் பிரித்ததில் ஒரு பங்குக்கு உரித்தாலும் நல்ல தகடு ஆயிரம் வோல்ட்டைத் தாங்கும். வீட்டுக்கு வருவது 230. காகிதமும் மெல்லிசுதான், ஆனால் எரிந்துபோகும். இது 500 டிகிரியிலும் அசையாது. கைப்பிடியில் கணக்கு தலைகீழ்: அங்கே பேக்லைட் தடிமனாக இருந்தால்தான் கை தப்பும்.

பிறகு ஸ்டீல் குழாய்க்குள் கம்பியை வைத்து மக்னீசியம் ஆக்சைடு பொடியை இறுக்கி அடைத்த எலிமெண்ட் வந்தது. கரண்ட்டைத் தடுத்துக்கொண்டே சூட்டை மைக்காவைவிடத் தாராளமாக விடும் பொடி. வால்வு இருந்த இடத்தில் டிரான்சிஸ்டர் உட்கார்ந்தது. கூடூரில் உரிக்கும் வேலை சுருங்கிப்போனது.

கடை போட்ட புதிதில் பாட்டி வந்திருந்தாள். எரிந்துபோன எலிமெண்ட்டைப் பிரித்து, “பார் ஆயா, நீ உரிச்சது இங்கேதான் வருது” என்று நீட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் நெருடினாள்.

“எவடா உரிச்சது இதை? இன்னும் மூணு ஏடு இருக்குது இதுல. எங்க மேஸ்திரி கண்ணுல பட்டிருந்தா கூலியைப் பிடிச்சிருப்பான்.”

சொல்லிக்கொண்டே என் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஓரத்தில் விட்டுப் பார்த்தாள். முனை மொக்கை. கத்தி இருக்கிறதா என்று கேட்டாள்.