பணமும் நுழைவுரிமையும்: கனடாவின் முதலீட்டாளர் குடியேற்றத் திட்டத்தின் வரலாறு

கனடியப் பசிபிக் ரயில் பாதை முடியும் தறுவாயில், 1885இல், அதைப் போட உழைத்த சீனர்களின் நாட்டவர்மீது கனடா தலைவரி விதித்தது. 50 டாலரில் தொடங்கிய அவ்வரி 1903இல் 500 டாலராயிற்று; 1923இல் வரியின் இடத்தில் ஏறக்குறைய முழுத் தடையே வந்து 1947 வரை நீடித்தது. இந்தியர் கையில் 200 டாலர் காட்டினால்தான் கரையிறங்கலாம் என்ற விதி 1908இல் பிறந்தது. ஆசியரைத் தடுக்கப் பணத்தை மதிலாக எழுப்பிய அதே நாடு, நூறாண்டு கழித்துப் பணத்தைக் காட்டியே அவர்களை அழைத்தது. அந்த அழைப்பு எப்படி உருவாயிற்று, பணத்திடம் அரசு எதிர்பார்த்தது காலந்தோறும் எப்படி மாறிற்று என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

1967இல் வந்த புள்ளி முறை இனத்தை ஒதுக்கிக் கல்வி, தொழில், மொழி ஆகியவற்றைக் கணக்கிலெடுத்தது. 1978இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத்தையொட்டித் தொழில்முனைவோருக்கெனத் தனிப் பிரிவு ஏற்பட்டது. கனடாவில் கடையோ பட்டறையோ தொடங்கி, தாமே நடத்தி, உள்ளூர்க்காரருக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். இங்கே பணம் தனியாக வரவில்லை. அதை உடையவரின் உழைப்பும் கூடவே வந்தாக வேண்டும்.

அந்தப் பிணைப்பை அறுத்தது 1986. ஹாங்காங்கை 1997இல் சீனாவிடம் ஒப்படைக்கும் கூட்டு அறிக்கையில் பிரிட்டனும் சீனாவும் 1984 டிசம்பரில் கையெழுத்திட்டிருந்தன. அந்நகரச் செல்வர்கள் இன்னொரு கடவுச்சீட்டைத் தேடத் தொடங்கியிருந்த நேரம். எண்பதுகளின் தொடக்கப் பொருளாதாரச் சரிவிலிருந்து மீண்டுகொண்டிருந்த கனடாவிலோ, முதலீட்டை வரவேற்பதையே கொள்கையாகக் கொண்ட பிரையன் மல்ரோனியின் அரசு அமர்ந்திருந்தது. அரை மில்லியன் டாலர் நிகரச் சொத்துள்ள ஒருவர், அதில் ஒரு பகுதியைக் கனடிய நிறுவனத்திலோ தனியார் நடத்தும் நிதியிலோ சில ஆண்டுகள் போட்டுவைத்தால் நிரந்தர வதிவுரிமை பெறலாம் என்றது புதிய திட்டம். தொழிலை அவர் நடத்த வேண்டியதில்லை.

தமிழ் வாசகருக்கு அந்த ஆண்டு வேறொரு காரணத்தால் நினைவிருக்கும். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 150க்கும் மேற்பட்ட ஈழத்தமிழரை மீனவர்கள் மீட்டார்கள். அவர்களைத் திருப்பியனுப்பாமல் அனுமதி வழங்கியதும் இதே மல்ரோனி அரசுதான். எனினும் படகில் வந்தவர்களை ‘வரிசையைத் தாண்டி வந்தவர்கள்’ என்று ஏசும் குரல்கள் எழுந்தன. முதலீட்டாளருக்காகத் தனி வரிசையே போடப்பட்டது அதே ஆண்டில்தான் என்பதை இங்கே பதிந்துவைப்பது தகும்.

1989 தியனன்மென் படுகொலைக்குப் பின் ஹாங்காங்கிலிருந்து வந்த அலை பெருகியது. எல்லாப் பிரிவுகளையும் சேர்த்து 1994இல் மட்டும் 40,000க்கும் மேற்பட்டோர் அங்கிருந்து கனடாவில் குடியேறினார்கள். அதன் தடம் வான்கூவரில் ஆழமாக விழுந்தது. எக்ஸ்போ 86 கண்காட்சி நடந்த நிலத்தை ஹாங்காங் செல்வர் லீ கா-ஷிங் 1988இல் வாங்கியதை முதலீட்டாளர் திட்டத்தின் கணக்கில் எழுத முடியாது; ஆனாலும் ஹாங்காங் பணத்தின் அடையாளமாக நகரம் அதையே கண்டது. புவியியலாளர் டேவிட் லே தம் ‘மில்லியனர் மைக்ரன்ட்ஸ்’ (2010) நூலில் காட்டும் சித்திரம் நுட்பமானது: கனடாவில் தொழில் செய்து நொடித்த பலர், மனைவி மக்களை வான்கூவரில் விட்டுவிட்டுப் பிழைப்புக்கு ஹாங்காங்குக்கே திரும்பினார்கள். குடும்பம் ஓரிடம், வருமானம் ஓரிடம். திட்டத்தை வகுத்தவர்கள் இதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

தனியார் நிதிகளில் முறைகேடுகள் அம்பலமாகவே, 1999இல் விதிகள் திருத்தப்பட்டன. 800,000 டாலர் சொத்துள்ளவர் 400,000 டாலரை அரசிடம் கொடுப்பார். மாகாணங்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டு ஐந்தாண்டு கழித்து வட்டியின்றித் திருப்பித் தரும். மோசடிக்கு வழி அடைபட்டது. கூடவே ‘முதலீடு’ என்ற பெயருக்கு இருந்த பொருளும் போயிற்று என்பேன். இது அரசுக்குத் தரும் வட்டியில்லாக் கடன். அந்தத் தொகையைக்கூடக் கையிலிருந்து போட வேண்டியதில்லை: நிதி நிறுவனங்கள் கடன் கொடுத்தன, விண்ணப்பதாரர் அதற்கான செலவை மட்டும் கட்டினார். ஆகவே வதிவுரிமையின் உண்மை விலை, அறிவித்த தொகையைவிட வெகு குறைவு. 2010இல் இரு தொகைகளும் இரட்டிப்பாக்கப்பட்டும் கூட்டம் குறையவில்லை. 2012இல் புதிய விண்ணப்பங்கள் நிறுத்தப்பட்டன.

2014 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ஜிம் ஃபிளாஹர்டி முதலீட்டாளர் திட்டத்தையே மூடினார். அதற்கு அரசு சொன்ன கணக்கு கூர்மையானது: இருபது ஆண்டுகளில் ஒரு முதலீட்டாளர் கட்டும் வருமானவரி, திறன்பெற்ற தொழிலாளர் ஒருவர் கட்டுவதைவிட ஏறத்தாழ 200,000 டாலர் குறைவு, வீட்டோடு தங்கி முதியோரையும் குழந்தைகளையும் பராமரிக்கும் பணியாளர் கட்டுவதைவிடக்கூட ஏறத்தாழ 100,000 டாலர் குறைவு. முதலீட்டாளர்களும் தொழில்முனைவோரும் குடும்பத்தினருமாகக் காத்திருந்த 60,000க்கும் மேற்பட்டோரின் விண்ணப்பங்கள் இரத்தாயின. சீன விண்ணப்பதாரர்கள் நீதிமன்றம் சென்றும் பயனில்லை. மறு ஆண்டு, 2 மில்லியன் டாலரைப் பதினைந்து ஆண்டுகள் முடக்கிவைக்கக் கேட்டு ஒரு சோதனைத் திட்டம் வந்தது. இம்முறை பணம் உண்மையிலேயே இடர் ஏற்க வேண்டியிருந்தது. விண்ணப்பித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

குடியேற்றத் தேர்வில் தனி அதிகாரமுள்ள கியூபெக் மட்டும் தன் திட்டத்தைத் தொடர்ந்தது. அங்கே சிக்கல் வேறு. பணம் கியூபெக்குக்கு வரும், ஆள் வான்கூவருக்கோ டொரொண்டோவுக்கோ போவார். தடுக்கவும் வழியில்லை: நிரந்தர வதிவுரிமை பெற்றவர் எந்த மாகாணத்திலும் வாழலாம் என்கிறது உரிமைச் சாசனத்தின் 6ஆம் பிரிவு. அந்தப் பணம் ஈட்டும் வட்டியின் பயன் கியூபெக்கின் சிறு தொழில்களுக்கு, வீட்டு விலையேற்றமும் பள்ளிச் செலவும் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு என்ற முறைப்பாடு மேற்கிலிருந்து நெடுங்காலம் ஒலித்தது. ஒப்பிட்டுப் பார்த்தால், அமெரிக்கா 1990இல் தொடங்கிய ஈபி-5 முதலீட்டாளர் திட்டம் முதலீட்டைப் பத்து வேலைவாய்ப்புகளோடு கட்டிப்போட்டது. கனடாவின் வட்டியில்லாக் கடனில் அத்தகைய அளவுகோல் இல்லை.

2019 நவம்பரில் கியூபெக்கும் கதவைச் சாத்தியது. 2024 ஜனவரியில் திறந்தபோது விதிகள் மாறியிருந்தன. 2 மில்லியன் டாலர் சொத்துள்ளவர் 1 மில்லியனை ஐந்தாண்டு வைப்பாகத் தருவதோடு, திரும்பிவராத 200,000 டாலரையும் கட்ட வேண்டும். முதலில் கிடைப்பது வேலை அனுமதிதான். மாகாணத்தில் தங்கிக் காட்டிய பின்பே நிரந்தர வதிவுக்கான தேர்வு. பிரெஞ்சு பேசத் தெரியும் என்ற சான்றும் கட்டாயம்.